கோல்ஃப் கிளப்பைத் தூக்கும் முன் முழங்கை எங்கே பார்க்கிறது?

ஊட்டி, வெலிங்டன், கொடைக்கானல் என எந்த கோல்ஃப் மைதானத்திலும் பந்து வலப்பக்கம் வளைந்தால் முதலில் மணிக்கட்டைத்தான் குறை சொல்வார்கள். பல சமயம் தப்பு அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். பந்துக்கு முன்னால் நிற்கும்போதே வலது முழங்கை விறைத்து, உடம்பை விட்டு விலகி நின்றிருக்கும். (இங்கே எழுதுவது வலக்கைக்காரர்களுக்கு. இடக்கைக்காரர்கள் பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.)

கிரிப்பில், அதாவது கிளப் எனும் கோல்ஃப் மட்டையின் பிடியில், வலது கை இடது கைக்குக் கீழே இருக்கிறது. அந்த இடத்தை எப்படி எட்டுகிறீர்கள் என்பதே முக்கியம். வலது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி, முழங்கையை லேசாக மடக்கி எட்டினால் தோள்கள் இலக்குக் கோட்டுக்கு (பந்திலிருந்து இலக்குக்குப் போகும் கோடு) இணையாகவே நிற்கும். மடக்காமல் கையை நீட்டி எட்டினால் வலது தோள் முன்னே வந்துவிடும், நெஞ்சு இடப்பக்கம் திரும்பிவிடும். அங்கிருந்து அடித்தால் கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டுதான் இறங்கும். கிளப்பின் முகம் (பந்தில் படும் பரப்பு) அந்தப் பாதைக்கு வலப்பக்கமாகத் திறந்திருந்தால் ஸ்லைஸ், அதாவது பந்து வலப்பக்கம் வளையும். பாதையோடு ஒத்திருந்தால் பந்து வளையாமல் இடப்பக்கமே போகும். ஒரே ஆள் ஒரே காலையில் இரண்டையும் அடிப்பது இதனால்தான்.

சரியாக நிற்க, முதலில் கிளப் இல்லாமல் இடுப்பிலிருந்து குனிந்து கைகளைத் தொங்க விடுங்கள். தோளுக்கு நேர் கீழே அவை எங்கே தொங்குகின்றனவோ அங்கேதான் கிரிப் வர வேண்டும். 7 அயர்னுக்கு (நடுத்தர நீளமுள்ள கிளப்) கிரிப்பின் நுனிக்கும் தொடைக்கும் நடுவே ஒரு முஷ்டி இடைவெளி போதும். டிரைவருக்கு (மிக நீளமான கிளப்) ஒன்றரை. அதற்கு மேல் போனால் பந்து தூரமாக இருக்கிறது என்று அர்த்தம். கையை நீட்டாதீர்கள், காலை முன்னே நகர்த்துங்கள்.

அடுத்து முழங்கையின் திசை. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி வையுங்கள். உள்ளங்கைகளை அசைக்காமல், தோளிலிருந்து முழங்கை வரையுள்ள பகுதியை மட்டும் வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். முழங்கையின் உள்மடிப்பு வானத்தைப் பார்க்கும், முனை இடுப்பெலும்பை நோக்கும். அமெரிக்க கோல்ஃப் வீரர் பென் ஹோகன் கற்பித்தது இந்த நிலையைத்தான். இதில் பலர் தடுமாறுவது ஓரிடத்தில்தான். மேல்கையைத் திருப்புவதாக நினைத்து முன்கையையும் சேர்த்துத் திருப்பிவிடுகிறார்கள். அப்போது கிரிப் மாறுகிறது, அதோடு கிளப் முகமும் மாறுகிறது. கண்ணாடி முன் நின்று, கட்டைவிரல்கள் நகராமல் முழங்கை மட்டும் திரும்புகிறதா என்று பாருங்கள். இது வசமாகும்வரை பந்தைத் தொடவே வேண்டாம் என்பேன்.

வலது முழங்கை மடிப்பு நன்றாக மேலே பார்க்கட்டும். இடது மடிப்புக்கு அத்தனை கட்டாயம் வேண்டாம், பாதி மேலே, பாதி வலப்பக்கம் பார்த்தால் போதும். முழங்கை இயல்பாகவே பின்பக்கம் வளையும் உடல்வாகு உள்ளவர்கள் இடது கையை வலிந்து திருப்பினால் மூட்டு பூட்டிக்கொள்ளும். இடது கை நேராக இருக்கலாம், ஆனால் பூட்டக் கூடாது. பூட்டினால் விறைப்பு தோளுக்கும் கழுத்துக்கும் ஏறும், கிளப்பைப் பின்னே தூக்கும் பேக்ஸ்விங் பாதியில் நிற்கும்.

சோதிக்க, உங்கள் கிளப் பையைத் தூக்கி வரும் கேடியிடம் உதவி கேளுங்கள். இலக்குக் கோட்டின் பின்னால் நின்று பார்த்தால் வலது முன்கைக்கு மேலே இடது முன்கை கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். வலது கை இடது கையை முழுக்க மறைத்தால் முழங்கை வெளியே இருக்கிறது. இரண்டு முன்கைகளின் மேலும் ஒரு கிளப்பைக் குறுக்கே வைத்தால் அது இலக்குக் கோட்டுக்கு இணையாக நிற்க வேண்டும்.

மலைக்குளிரில் இன்னொரு தொல்லை உண்டு. டிசம்பர், ஜனவரி காலைகளில் ஸ்வெட்டருக்கு மேல் தடித்த ஜெர்கின் போட்டால் அக்குளில் துணி திரண்டு கைகளை வெளியே தள்ளும். மேல்கைகள் நெஞ்சோரம் லேசாகப் பட்டு நிற்பது போய்விடும். மெல்லிய அடுக்குகளின் மேல் கை இல்லாத ஸ்வெட்டர் நல்லது.

சரிவுகளில்தான் முழங்கை அதிகம் கெடுகிறது. பந்து பாதத்தைவிடத் தாழ்வாக இருந்தால் எட்டுவதற்காகக் கைகளை நீட்டுகிறோம், வலது முழங்கை பூட்டுகிறது, தோள் இடப்பக்கம் திறக்கிறது. அந்தச் சரிவில் பந்து ஏற்கெனவே வலப்பக்கம் போக முனையும். இரண்டும் சேர்ந்தால் பந்து மரத்துக்குள்தான். இடுப்பிலிருந்து கூடுதலாகக் குனிந்து, முட்டியையும் சற்று மடக்கி, கைகளை எப்போதும்போலத் தொங்க விடுங்கள். பந்து பாதத்தைவிட உயரத்தில் இருந்தால் கிரிப்பில் ஓரிரு அங்குலம் கீழே பிடித்து, நிமிர்ந்து நில்லுங்கள். அங்கே வலது முழங்கையை மேலே தூக்கிச் சமாளிக்க வேண்டாம்.

ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் காற்று மெல்லியது. பந்து 7, 8 சதவீதம் கூடுதலாகப் பறக்கும், வளைவதோ குறையும். அதனால் இங்கே ஃபேர்வேயின் (புல்லைக் கட்டையாக வெட்டிய ஆடுபாதை) ஓரத்தில் விழுந்து தப்பிக்கும் ஸ்லைஸ், அதே முழங்கையோடு கோயம்புத்தூரில் ஆடினால் வெளியே போய்விடும். பந்து விழுந்த இடத்தை வைத்து முழங்கை சரியாகிவிட்டதென்று இங்கே முடிவுகட்டாதீர்கள். குறுக்கே வைத்த கிளப்பை மட்டும் நம்புங்கள்.