மஞ்சள் பேஷன் ஃப்ரூட்டா? ஒத்தக் கொடி வேணாம்

பேஷன் ஃப்ரூட்ட தின்னுட்டு விதைய தூக்கி எறிய மனசு வராதவங்களுக்குத்தான் இந்த போஸ்ட். முளைக்க வைக்கிறதெல்லாம் ஈஸிங்க, விதைய சுத்தி இருக்கற கொழகொழ சதை போற வரைக்கும் வடிகட்டில போட்டு நல்லா தேய்ச்சு கழுவிட்டு அன்னைக்கே அரை இன்ச் ஆழத்துல ஊனிட்டா, வெதுவெதுப்பான இடமா இருந்தா ரெண்டு மூணு வாரத்துல எட்டிப் பாத்துரும். காஞ்ச பழைய விதைனா மாசக்கணக்குல இழுத்தடிக்கும். முதல்ல வர்ற இலைல பிளவே இருக்காது, மூணு விரல் விரிச்ச மாதிரி இலை அப்புறமாத்தான் வரும், அதுக்குள்ள களைன்னு நெனச்சு பிடுங்கிறாதீங்க.

பூக்க ஒண்ணு, ஒன்றரை வருஷம் ஆகும். சிக்கலே அங்கதான். ஊதா தோல் வகை பெரும்பாலும் தன் மகரந்தத்துலயே காய்ச்சுரும், மஞ்சள் தோல் வகை அப்படி கிடையாது, பூ பூவா பூத்து அத்தனையும் கொட்டிரும். அதே கொடில இருந்து கட்டிங் எடுத்து பக்கத்துல வெச்சாலும் பிரயோஜனம் இல்ல, ரெண்டும் ஒரே செடிதானே. ஒரே பழத்து விதைங்க கூட சில சமயம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துவராது (சொந்தத்துக்குள்ள வேணாம்னு அதுக்கே தெரியுது போல!), அதனால வேற வேற இடத்துல கெடச்ச பழத்து விதைய போட்டு ரெண்டு மூணு கொடியாவது ஏத்துங்க.

மஞ்சள் வகை பூ மதியத்துக்கு மேலதான் விரியும். விரிஞ்ச உடனே பிரஷ்ஷ தூக்கிட்டு ஓடாதீங்க, நடுவுல மூணு சூல்முடி (மகரந்தம் ஒட்ட வேண்டிய பூவோட பெண் பாகம்) நிமிர்ந்து நிக்கும், கொஞ்ச நேரத்துல அது மெதுவா வளைஞ்சு மகரந்தப்பை உயரத்துக்கு கீழ எறங்கும், அப்போ இன்னொரு கொடி மகரந்தத்த தடவுங்க. கருவண்டு வந்தா உங்களுக்கு வேலையே இல்ல, அது தேன் குடிக்கறப்போ முதுகுல ஒட்டற மகரந்தம் அடுத்த பூவோட சூல்முடில போய் உரசும். சின்னத் தேனீ முதுகு அந்த உயரத்துக்கு எட்டாது, மகரந்தத்த மட்டும் சுருட்டிட்டு போயிரும். மழை பெஞ்சா மகரந்தம் நனைஞ்சு வீணாயிரும், அன்னைக்கு பூவ மறந்துருங்க.

இலைக்காம்புல எறும்பு மொய்க்கறத பாத்து மருந்தடிக்காதீங்க, அங்க ரெண்டு குட்டி தேன்சுரப்பி இருக்கு, அதுக்குத்தான் வருது. தழைச்சத்து உரத்த அள்ளிப் போட்டா இலைதான் காடா மண்டும். காய்ப்பு முடிஞ்சதும் பழைய கிளைய கொஞ்சம் வெட்டி விடுங்க, புதுத்தளிர்லதான் பூ வரும்.

பழத்த பறிக்கவே வேணாம், பழுத்தா அதுவே விழும். தோல் லேசா சுருங்கற வரைக்கும் வெளிய வெச்சிருந்து வெட்டுங்க, புளிப்பு நல்லா கொறஞ்சிருக்கும்.