ஆட்டுத்தோல் பைக்குள்ள ஒரு லைக்கா

ஜெய்சல்மேர் போயிட்டு வந்ததுல இருந்து என் லென்ஸை திருப்பினாலே கரகரன்னு சத்தம், ரெண்டே நாள் தான் இருந்தேன், அதுக்குள்ள மணல் உள்ள பூந்துருச்சு. அப்பதான் பிரிட்டிஷ் பயணி வில்ஃப்ரெட் தெசிகர் ஞாபகம் வந்துச்சு. மனுஷன் 1946ல இருந்து 48க்குள்ள அரேபியாவோட ரப் அல் காலி பாலைவனத்தை ரெண்டு தடவ ஒட்டகத்துலயும் நடந்துமா கடந்தவரு, அவரோட லைக்கா கேமராவ ஆட்டுத்தோல் பையில போட்டு வச்சு காப்பாத்தினாராம்!

ஆரம்பத்துல சும்மா போன இடத்தோட ரெக்கார்டுக்கு தான் எடுத்துட்டு இருந்தாரு, பெதூயின்ங்கிற பாலைவன நாடோடி ஆளுங்களோட போனப்புறம் தான் முகங்க மேல பிடிப்பு வந்துச்சு. கூட வந்த பின் கபீனாங்கிற பையன் போட்டோவ பாருங்க, கலைஞ்ச நீள முடி, ஒல்லி உடம்பு, பசியில கிடந்த ஆளுன்னு அந்த கண்ண பாத்தா சொல்லவே முடியாது. ஒரு தடவ ரொம்ப நாள் கழிச்சு ஒரு முயல் சிக்கி சமைச்சிருக்காங்க, சாப்பிட உக்காரும்போது விருந்தாளிங்க வந்துட்டாங்க, எங்களுக்கு வேணாம்னு சொல்லி மொத்தத்தையும் அவங்களுக்கே குடுத்துட்டாங்க. (நானா இருந்தா ஒரு காலையாவது ஒளிச்சு வச்சிருப்பேன்.)

எல்லாமே கருப்பு வெள்ளை தான். ஆக்ஸ்ஃபோர்டு பிட் ரிவர்ஸ் மியூசியத்துல அவரோட நெகட்டிவ் மட்டும் சுமார் 38,000 இருக்கு. நான் ரெண்டு நாள்ல 1,400 எடுத்தேன், தேறினது நாலு.