நரம்பை அடிச்ச பிறகு வாற சத்தம்

மட்டக்களப்பு கல்லடியில ஒரு தம்பி இண்டைக்குப் பாட்டை ஓடவிட்டு, அதுக்கு மேல ஓடாசிற்றி எண்ட பதிவு சொஃப்ட்வெயாரில கிற்றார் பதிஞ்சுகொண்டிருந்தார். நரம்பை அடிச்சுக் கொஞ்சம் பிந்தித்தான் ஹெட்போனில கேட்குது. அந்த நிலையில எந்தக் கையும் தாளத்தில நிக்காது.

ஓடாசிற்றி வெட்டி ஒட்டத் திறம். ஆனா விண்டோஸில அதின்ர வழமையான 3ஆம் வரிசைப் பதிப்புகளில ஏசியோ (சத்தத்தைப் பிந்தாமக் கொண்டுபோற ட்ரைவர் முறை) வேலை செய்யாது. பிந்தல் அங்கதான்.

ஆப்பிள் வச்சிருந்தா பதியிறதுக்கு கராஜ்பாண்ட், காசில்லை, யோசிக்கவே வேண்டாம்.

விண்டோஸ் எண்டா என்ர தெரிவு ரீப்பர் எண்ட பதிவு சொஃப்ட்வெயார். 60 நாள் சும்மா பாவிச்சுப் பார்க்கலாம், பிறகு தனியாளுக்கு 60 டொலர். பழைய லப்டொப்பிலயும் ஓடும். முதல்ல இன்டர்ஃபேஸ் (கிற்றாரைக் கம்பியூட்டரோட இணைக்கிற பெட்டி) கம்பனியின்ர சொந்த ஏசியோ ட்ரைவரைப் போடுங்க. சாம்பிள் ரேட் 48000 ஹேர்ட்ஸ், பஃபர் (ஒரு தரத்தில சேர்த்து அனுப்புற சாம்பிள் எண்ணிக்கை) 128. அதில பஃபரால வாற பிந்தல் உள்ள போக, வெளிய வர எண்டு ஒரு பக்கத்துக்கு 3 மில்லிசெக்கனுக்கும் குறைவு. சத்தம் கரகரத்தா பஃபரை 256 ஆக்குங்க.

எலெக்ட்ரிக் கிற்றார் எண்டா இன்டர்ஃபேஸில இருக்கிற 'இன்ஸ்ட்ருமென்ட்' சுவிட்சைப் போடுங்க, இல்லாட்டிச் சத்தம் மெலிஞ்சு செத்துக் கிடக்கும். பதியேக்க மீற்றரில சத்தத்தின்ர உச்சம் மைனஸ் 12 டெசிபலுக்குக் கிட்ட நிண்டாப் போதும்.

'உம்'மெண்டு இரைஞ்சா லப்டொப்பின்ர சார்ஜரைக் கழட்டிப் பாருங்க.

அக்குஸ்டிக்கை மைக்கால எடுத்தா ஃபேனையும் நிப்பாட்டத்தான் வேணும். மட்டக்களப்பு வெக்கைக்கு எந்த சொஃப்ட்வெயாரிலயும் பட்டன் இல்லை 😄