தொட்டால்தான் கணக்கு: மெய்நிகர் சர்வர்களுக்கு மெமரி வரம்பு வைத்துப் பார்த்த கதை

16 ஜிபி ரேம் உள்ள பழைய கணினி ஒன்றில் லினக்ஸும், ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓட்டவைக்கும் கேவிஎம்மும் போட்டு மூன்று மெய்நிகர் சர்வர்களை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஒன்று டேட்டாபேஸ், ஒன்று ஃபைல் சர்வர், ஒன்று வெப். ஆளுக்கு 6 ஜிபி. கூட்டினால் 18 வரும் என்று தெரிந்தேதான் கொடுத்தேன். இரண்டு மாதம் ஒரு முனகலும் இல்லாமல் ஓடியதில், இல்லாததைப் பங்கு போட்டும் காலம் தள்ளலாம் என்ற தெம்பு வந்துவிட்டது.

அப்புறம் ஃபைல் சர்வரில் ராத்திரி 2 மணிக்கு பேக்கப் ஓடும்படி வைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் டேட்டாபேஸ் சர்வர் அணைந்து கிடக்கிறது. அதைத் திரும்பக் கிளப்பி லாக்கைப் பார்த்தேன். 2:20 வரை எல்லாம் ஒழுங்கு, அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. ஷட்டவுன் ஆனதாக ஒரு வரிகூட இல்லை, யாரோ பிளக்கைப் பிடுங்கியதுபோல. டேட்டாபேஸைச் சந்தேகப்பட்டு அரை நாள் போனது. கடைசியில் ஹோஸ்டில், அதாவது எல்லாவற்றையும் சுமக்கும் நிஜக் கணினியில், லினக்ஸின் மையமான கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸக் கட்டளையை அடித்தபோதுதான் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்ற வரியும், பக்கத்திலேயே டேட்டாபேஸ் சர்வரை ஓட்டும் கியூஇஎம்யூ பிராசஸின் பெயரும் கண்ணில் பட்டன. கெஸ்டுக்குள், அதாவது மெய்நிகர் சர்வரின் உள்ளிருந்து பார்த்தால், அது முழு சர்வராக இருக்கலாம். ஹோஸ்டுக்கு அது வெறும் ஒரு பிராசஸ். ரேமில் இடம் தீர்ந்ததும், பிராசஸைக் கொன்று இடம் மீட்கும் கெர்னலின் ஓஓஎம் கில்லர் இருப்பதிலேயே பெரியதைப் பார்த்துத் தட்டிவிட்டது. தின்றது ஃபைல் சர்வர், அடி வாங்கியது டேட்டாபேஸ்.

இரண்டு மாதம் எப்படி ஓடியது என்பதுதான் எனக்குப் புதிர். மெய்நிகர் சர்வர்களை நிர்வகிக்கும் விர்ஷ் கருவியின் டொம்மெம்ஸ்டாட் கட்டளை அதை அவிழ்த்தது. புதிதாகக் கிளப்பிய ஃபைல் சர்வருக்கு ‘ஆக்சுவல்’ (கொடுத்த அளவு) 6 ஜிபி என்று காட்டியது, ‘ஆர்எஸ்எஸ்’ (ஹோஸ்டின் ரேமில் நிஜமாகப் பிடித்த அளவு) 2 ஜிபியைக்கூடத் தொடவில்லை. ஒரு கெஸ்ட் மெமரியின் ஒரு சின்னத் துண்டை (பேஜ் என்பார்கள்) முதன்முதலாகத் தொடும்போதுதான் ஹோஸ்ட் அதற்கு நிஜமான ரேமை ஒதுக்குகிறது. பேக்கப் ஓடினால் படித்த ஃபைல்களை எல்லாம் கெஸ்ட் கெர்னல் கேஷில் வைத்துக்கொள்ளும், சும்மா கிடக்கும் ரேமை வீணாக்குவானேன் என்று. வேலை முடிந்த பிறகும் ஹோஸ்டிடம் தானாகத் திருப்பித் தராது. உள்ளே போய், மெமரி நிலவரம் காட்டும் ஃப்ரீ கட்டளையை அடித்தால் ‘அவெய்லபிள்’ தாராளமாக இருக்கும், வெளியே ஹோஸ்ட் திணறிக்கொண்டிருக்கும்.

சரி, பலூனை வைத்துப் பிடுங்கலாம் என்று இறங்கினேன். கெஸ்டுக்குள் ஒரு டிரைவர் மெமரியைக் கேட்டுப் பிடித்து வைத்துக்கொண்டு ஹோஸ்டிடம் கொடுத்துவிடும், அதுதான் பலூன். ஃபைல் சர்வரை 2 ஜிபிக்கு இறக்க, விர்ஷ் செட்மெம் என்று அடித்து 2048 என்று கொடுத்தேன். அலகு எதுவும் போடாவிட்டால் அது எம்பி அல்ல, கேபி. அதாவது ஒரு சர்வரைப் பார்த்து 2 எம்பியில் குடித்தனம் நடத்து என்று சொல்லியிருக்கிறேன். பலூன் ஊத ஊத, சர்வருக்குள் நுழைந்திருந்த எஸ்எஸ்ஹெச் இணைப்பு உறைந்தது, பிறகு பிங்கும் நின்றது. விர்ஷ் டெஸ்ட்ராய் போட்டு அணைத்தேன். (பெயர் கேட்டால் பயமாக இருக்கும், ஆனால் வலுக்கட்டாயமாக அணைப்பதோடு சரி, எதையும் அழிக்காது.) திரும்பக் கிளப்பியதும் பழைய 6 ஜிபி வந்து நின்றது. கான்ஃபிக் என்ற விருப்பத்தைச் சேர்க்காததால் மாற்றம் ஓடும் சர்வரோடு போயிற்று. அன்றைக்கு அந்த மறதிதான் என்னைக் காப்பாற்றியது.

பலூனைக் கொஞ்ச நாள் ஓரம் கட்டிவிட்டு உச்ச வரம்பையே குறைத்தேன். அதற்கு செட்மேக்ஸ்மெம், ஓடும் சர்வரில் உடனே எடுபடாது, அணைத்துவிட்டுத்தான் செய்தேன். இந்த முறை ஜி என்ற எழுத்தை மறக்காமல் போட்டேன். டேட்டாபேஸுக்கு 5, வெப்புக்கு 4, ஃபைல் சர்வருக்கு 3. பத்தே நிமிடத்தில் டேட்டாபேஸ் மென்பொருளான மரியாடிபி செத்தது. தவறு என்னுடையதுதான். 6 ஜிபி காலத்தில், அது தரவை ரேமில் வைத்துக்கொள்ளும் இன்னோடிபி பஃபர் பூலுக்கு நாலரை ஜிபி கொடுத்து வைத்திருந்தேன், அதை மறந்தே போனேன். ஆனால் இந்த முறை சாவுக்குறிப்பு கெஸ்டின் டிமெஸக்கிலேயே இருந்தது. கெஸ்டுக்கு இடம் போதாவிட்டால் கெஸ்டின் லாக்கில் வரும், ஹோஸ்டுக்குப் போதாவிட்டால் ஹோஸ்டின் லாக்கில் மட்டும்தான். முதல் நாளே இது தெரிந்திருந்தால் அரை நாள் மிச்சம். பூலை 3 ஜிபிக்கு இறக்கியதும் அடங்கியது.

வெப் சர்வருக்குள் இரண்டு சின்ன சேவைகள் ஓடுகின்றன. ஒன்று இன்னொன்றை விழுங்கிவிடாமல் இருக்க லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி வழியாக மெமரிமேக்ஸ் என்ற உச்ச வரம்பை 512 எம்பியில் வைக்க நினைத்தேன். முதலில் சோதனை. 50 எம்பி, 50 எம்பியாக மால்லாக் செய்துகொண்டு (மெமரி கேட்டு வாங்கும் சி கட்டளை) எண்ணிக்கையை அச்சிடும் எட்டு வரி சி நிரல் ஒன்றை சிஸ்டம்டி-ரன் மூலம் அந்த வரம்புக்குள் ஓட்டினேன். 500, 550, 600... நிற்கவே இல்லை. 10,000 தாண்டியும் ஜாலியாக ஓடியது. வரம்பு வேலை செய்யவில்லை என்றே முடிவு கட்டிவிட்டேன். பிறகு உறைத்தது, மால்லாக் வாங்கியது முகவரி மட்டும்தான், ஒரு பைட்டைக்கூட நான் தொடவில்லை. ஹோஸ்டில் 18 ஜிபி ஓடியதும் இதே வித்தைதான், இங்கே சின்ன அளவில்.

வாங்கிய இடத்தில் எழுதித் தொடுவதற்கு மெம்செட் ஒரு வரி சேர்த்தேன். இப்போது 500 வரை சீராக வந்தது, அதற்கு மேல் ஒவ்வொரு எண்ணுக்கும் இழுத்து இழுத்து, 900 வரை போனது. சாகவில்லை. காரணம் ஸ்வாப், ரேமில் இடமில்லாதபோது டிஸ்கில் ஒதுங்கும் இடம். இந்த வரம்புகளை அமல்படுத்தும் கெர்னல் வசதியான சிகுரூப்பின் இரண்டாம் பதிப்பில் மெமரிமேக்ஸ் ரேமை மட்டும்தான் கட்டுப்படுத்தும், ஸ்வாப்புக்குத் தனி வரம்பு. மெமரிஸ்வாப்மேக்ஸை 0 ஆக்கியதும் 500 அச்சாகி, அடுத்த வரி வருவதற்குள் ‘கில்டு’. சிகுரூப் அடைவில் மெமரி.ஈவென்ட்ஸ் ஃபைலைத் திறந்தால் ‘ஓஓஎம் கில்’ எதிரே 1. அதைப் பார்த்தபோது வந்த நிம்மதியை வீட்டில் யாரிடமும் விளக்க முடியவில்லை.

உண்மையான சேவைக்கு மெமரிஹையும் 400 எம்பியில் வைத்திருக்கிறேன். அதைத் தாண்டினால் கெர்னல் கொல்லாது, மூக்கணாங்கயிறு போட்டு இழுத்து மெதுவாக்கும். மெமரி.ஈவென்ட்ஸில் ‘ஹை’ எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்தே சேவை வீங்குகிறது என்று கண்டுகொள்ளலாம்.

இப்போது மூன்று சர்வருக்கும் சேர்த்து 12 ஜிபி, ஹோஸ்டுக்கு 4. நேற்று ராத்திரி பேக்கப் முடிந்த கையோடு பார்த்தேன், ஹோஸ்டில் ‘அவெய்லபிள்’ 2.3 ஜிபி. ஃபைல் சர்வரின் ஆர்எஸ்எஸ் 3 ஜிபியைத் தொட்டு நின்றுவிட்டது. அடுத்த வாரம் மறுபடி பலூன் பக்கம் போகிறேன். எம் எழுத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டியாகிவிட்டது.