சியோல் ஸ்டேஷன் கிடங்கில் கிடந்த அகராதி

வேலூரில் பிறந்தவர்களுக்கு 1806 ஜூலை 10 தெரியாமல் இருக்காது. நெற்றியில் மதக்குறி கூடாது, தாடி கூடாது, தலைக்குப் புது மாதிரித் தொப்பி என்று மேலிடத்து உத்தரவு வந்ததும் கோட்டைக்குள் இருந்த சிப்பாய்கள் பொங்கி எழுந்தார்கள். கொரிய வரலாறு படிக்க ஆரம்பித்தபோது, இதே மாதிரி ஓர் உத்தரவு அங்கேயும் வந்திருப்பதைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

1895 டிசம்பர் கடைசி. ஜோசன் (அன்றைய கொரியாவின் பெயர்) நாட்டு ஆண்கள் முடியை வெட்டாமல் உச்சியில் கொண்டையாக முடிந்துகொள்வார்கள். உடம்பும் முடியும் தாய் தகப்பன் கொடுத்தது, அதில் கைவைக்கக் கூடாது என்பது கன்பூசிய நெறி. அந்தக் கொண்டையை வெட்டச் சொல்லி, ஜப்பானின் பிடியில் இருந்த அமைச்சரவை ஆணை போட்டது. கோஜோங் மன்னரே முதலில் வெட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. அரசி மின் ஜப்பானியர் கையால் அரண்மனையிலேயே கொல்லப்பட்டு மூன்று மாதம்கூட ஆகாத நேரம் அது. கிராமங்களில் நீதிப்படை என்ற பெயரில் மக்கள் ஆயுதம் எடுத்துவிட்டார்கள்.

அதே காலத்துச் சீர்திருத்தங்கள்தான் அடிமை முறையை ஒழித்தன, பிறப்பால் வந்த ஏற்றத்தாழ்வைச் சட்டத்திலிருந்து நீக்கின. சேஜோங் மன்னர் 1446இல் வெளியிட்ட ஹங்குல் எழுத்துக்கு அரசு ஆவணங்களில் இடம் கொடுத்ததும் அப்போதுதான். அதுவரை அங்கே சீன எழுத்து. இவற்றை நான் குறை சொல்ல மாட்டேன். கொரியர்களும் புதுமையை வெறுத்தவர்கள் இல்லை. மாற்றம் யார் கையால் வருகிறது என்பதுதான் அவர்களை வதைத்த கேள்வி என்று நினைக்கிறேன்.

1910இல் நாடே ஜப்பான் கைக்குப் போனது. 1938இல் பள்ளியில் கொரிய மொழி கட்டாயப் பாடமாக இல்லாமல் போனது. 1940இல் ஜப்பானியப் பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சொந்தப் பெயரைக்கூட விட்டுக்கொடுக்க வேண்டிய அந்த நாளிலும் ஒரு சிறு கூட்டம் விடாமல் சொற்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது.

கொரிய மொழிக் கழகம் அது. அகராதி வேலைக்காக 1929இல் 108 பேர் கூடிக் குழு அமைத்தார்கள். 1933இல் ஒரே சீரான எழுத்துக்கூட்டலை வகுத்தார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்களிடம் வட்டார வழக்கை எழுதிவரச் சொன்னார்கள். மொழியைக் காத்தவர்களும் அதைப் புதுக்கியவர்களும் ஒரே ஆட்கள். நான் அவர்களை மதிப்பது இதற்காகத்தான்.

1942இல் போலீஸ் வந்தது. ஹம்ஹுங் நகரத்து மாணவி ஒருத்தியின் நாட்குறிப்பில் தொடங்கிய விசாரணை 33 பேரை வழக்கில் மாட்டியது. அடி, சித்திரவதை. யி யுன் ஜே, ஹான் ஜிங் இருவரும் சிறையிலேயே இறந்துபோனார்கள். அகராதியின் கையெழுத்துப் பிரதி சாட்சிப் பொருளாகப் போய்விட்டது.

காட்பாடி ஜங்ஷன் பார்சல் ஆபீசில் நெடுங்காலம் கிளார்க்காக இருந்தவன் நான். யாரும் டெலிவரி எடுக்காத பார்சலின் கதி எனக்குத் தெரியும். ரசீது தொலைந்திருக்கும், மூட்டை மேல் எழுதிய மார்க்கா மழையில் அழிந்திருக்கும், வாங்க வேண்டியவர் ஊரைவிட்டே போயிருப்பார். கொஞ்ச காலம் மூலையில் கிடக்கும், அப்புறம் ஏலப் பட்டியலில் சேரும். தோல், துணி, இரும்பு என்றால் கேட்க ஆள் வரும். எழுதிய காகிதக் கட்டு என்றால் எடைக்குத்தான் போகும். கரையான் முந்திக்கொண்டால் அதுவும் இல்லை.

மேல்முறையீட்டுக்காக ரயிலில் சியோலுக்கு அனுப்பப்பட்ட பிரதி அப்படித்தான் கிடந்தது. 1945 ஆகஸ்ட் 15இல் விடுதலை. சிறையிலிருந்து வந்தவர்கள் அதைத் தேடினார்கள். செப்டம்பர் 8ஆம் தேதி சியோல் ஸ்டேஷன் சரக்குக் கிடங்கில் கிடைத்தது. 26,500க்கும் மேற்பட்ட தாள்கள். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கிடங்கில் வேலை பார்த்த யாரோ ஒருவர் இடம் காலி பண்ணுகிறேன் என்று தூக்கிப் போட்டிருந்தால்?

முதல் தொகுதி 1947 அக்டோபர் 9, ஹங்குல் நாளன்று வந்தது. அப்புறம் காகிதத் தட்டுப்பாடு, 1950இல் போர். ஆறாவது தொகுதி வர 1957 ஆயிற்று. மொத்தம் 1,64,000க்கு மேல் சொற்கள். கொரியாவின் வளர்ச்சியைப் பேசுகிறவர்கள் 1961இல் பார்க் சுங் ஹீ ஆட்சியைப் பிடித்ததிலிருந்து நெடுஞ்சாலை, உருக்காலை, கார் என்று அடுக்குகிறார்கள். அந்தத் தொழிற்சாலைகளுக்குள் போன முதல் தலைமுறை, தன் மொழியில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு போன தலைமுறை.