திருமணிமுத்தாறு எங்கே குடியிருப்பாள்?

மாயாஜாலக் கதை என்றால் எனக்கு ராஜா, ராணி, ஏழு கடல் ஏழு மலை தாண்டி ஒரு கிளிக்குள் மந்திரவாதியின் உயிர், அவ்வளவுதான். சின்ன வயசில் பிடித்தது, அப்புறம் விட்டுப்போச்சு. போன வருஷம் தம்பி லீவு முடிந்து ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது ஒரு புத்தகத்தைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, "அக்கா, இருபது பக்கம் மட்டும் படிச்சுப் பாரு, பிடிக்கலன்னா வச்சிரு" என்றான். பென் ஆரனோவிச் எழுதிய 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்', 2011-இல் வந்தது.

ஏற்காடு பஸ்ஸில் உட்கார்ந்துதான் பிரித்தேன். புதுசாக வேலைக்குச் சேர்ந்த ஒரு கான்ஸ்டபிள், கொலை நடந்த இடத்தில் ராத்திரிக் காவல் நிற்கிறான், ஒருத்தர் வந்து நான் பார்த்தேன் என்கிறார், இவனும் விவரம் கேட்க ஆரம்பிக்கிறான், பார்த்தால் அந்தச் சாட்சி செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்குள் அடிவாரம் வந்துவிட்டது. இருபது கொண்டை ஊசி வளைவு, புத்தகத்தைத் திறந்தால் குமட்டும், மூடி மடியில் வைத்துக்கொண்டு மேலே போய்ச் சேரும்வரை அந்தப் பையன் இதை மேலதிகாரியிடம் எப்படிச் சொல்லப்போகிறான் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அர்பன் ஃபேண்டஸி என்று இந்த வகைக்குப் பேர். நம்மைப் போல வாடகை கட்டி, பஸ் பிடித்து, வேலைக்குப் போகிறவர்கள் நடுவில்தான் மாயம் நடக்கிறது. இந்தக் கதையில் மந்திரம் போட்டால் பக்கத்தில் இருக்கும் செல்போனின் சிப் மணல் மாதிரி உதிர்ந்துபோகும். அந்தக் கான்ஸ்டபிள் அதோடு விடாமல் எவ்வளவு தூரத்தில் வைத்தால் போன் பிழைக்கிறது என்று சோதித்துக் குறித்துவைப்பான். எனக்கு அந்த இடம் அப்படிப் பிடித்தது, இரண்டு தடவை படித்தேன். இதே வகையில் ரத்தக்காட்டேரிக் காதல் கதைகளும் நிறைய உண்டு, அது எனக்கு ஒட்டவில்லை.

ஆனால் என்னைப் பிடித்து உலுக்கியது ஆறுகள்தான். தேம்ஸ் நதி ஒரு அம்மா, நைஜீரியாவிலிருந்து நர்ஸ் படிப்புக்கு வந்த பெண், அவருக்கு மகள்கள். ஃப்ளீட், டைபர்ன் என்று அந்த மகள்களின் பேரெல்லாம் நிஜ ஆறுகள், இன்று லண்டன் ரோடுகளுக்கு அடியில் சாக்கடையாக ஓடுகின்றன. 1858-இல் தேம்ஸ் நாற்றத்தில் பார்லிமென்ட்டே திணறியது, அதுவும் நிஜம். அந்த வருஷம்தான் நதியின் பழைய தெய்வம் ஊரை வெறுத்து மேற்கே போய்விட்டதாகக் கதை.

அன்று சாயங்காலம் சேலம் இறங்கிப் பாலத்தைத் தாண்டும்போது வழக்கம்போல மூக்கைப் பொத்தினேன். சட்டென்று கையை எடுத்துவிட்டேன். சேர்வராயன் மலையில் பிறந்து, ஊருக்கு நடுவே ஓடி, நாமக்கல் பக்கம் போய்க் காவிரியில் சேர்கிற ஆறு, திருமணிமுத்தாறு. பேரிலேயே திருவும் மணியும் முத்தும். பாட்டி அதில் குளித்திருக்கிறார். இன்று சாக்கடையும் சாயக் கழிவும். திருமணிமுத்தாறு ஒரு பெண்ணாக இருந்தால் எங்கே குடியிருப்பாள்? கோட்டை மாரியம்மன் கோவில் பக்கம் ஏதாவது சந்தில், பழைய ஓட்டு வீட்டில், வெளுத்த புடவையும் இருமலுமாக என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அக்கா காவிரிக்கு மேட்டூரில் அணை, ஆடிப்பெருக்குக்குக் கூட்டம். தங்கச்சி பிறந்த மலை உச்சியில், 5,326 அடி உயரத்தில், சேர்வராயன் கோவில் குகையிலும் சாமிக்குப் பக்கத்தில் நிற்பது காவிரியம்மன்தான். தங்கச்சிக்கு எவ்வளவு வருத்தம் இருக்கும்? இதை யாராவது தமிழில் எழுத வேண்டும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையும், தட்டுவடை செட் போடும் தள்ளுவண்டியும், ராத்திரி இரண்டு மணிப் புதிய பஸ் ஸ்டாண்டும் அதில் வர வேண்டும். வந்தால் முதல் பிரதி எனக்கு.

இந்த ஆடிப் பதினெட்டுக்கு வீட்டில் எல்லாரும் மேட்டூர் போனார்கள், நான் போகவில்லை. பாலத்தோரம் வண்டியை நிறுத்தி ஒரு முழம் மல்லிகையைப் போட்டேன். கறுப்புத் தண்ணீரில் விழுந்து, நுரையில் சிக்கிக் கொஞ்ச நேரம் அங்கேயே சுற்றியது, அப்புறம் மெதுவாக நகர்ந்து போனது.