காற்றடிக்கும் குளிர்நாளில் கால்வாய்ப் பெர்ச்

இங்கிலாந்துக் கால்வாய்களில் டிசம்பர், ஜனவரியில் பெர்ச் என்ற நன்னீர் மீனைத் தூண்டிலில் பிடிக்கக் குளிர் பெரிய தடையில்லை. தண்ணீர் 5 டிகிரிக்கு இறங்கினாலும் பெர்ச் இரையெடுக்கும். கொஞ்சமாக, நிதானமாக எடுக்கும், அவ்வளவுதான். காரியத்தைக் கெடுப்பது காற்று. தூண்டில் கழியின் (ராடு) நுனிக்கும் தண்ணீருக்கும் நடுவே தொங்கும் தூண்டில் நரம்பு வில்லாக வளைந்து, இரையைத் தரையோடு தரதரவென்று இழுத்துப் போய்விடும். குளிரில் ஒடுங்கிக் கிடக்கும் மீன், ஓடுகிற புழுவைத் துரத்த மெனக்கெடாது.

காற்று எந்தப் பக்கத்திலிருந்து என்று முதலில் பாருங்கள். மேகமூட்டத்தோடு தென்மேற்கிலிருந்து வீசினால் தாராளமாகக் கிளம்பலாம். தண்ணீர் சற்று வெதுவெதுப்பாகும். மங்கிய வெளிச்சம் பெர்ச்சுக்குத் தோதானது. நாலைந்து நாளாக வடகிழக்கு வாடை அடித்துக்கொண்டிருந்தால் வீட்டிலேயே இருப்பது உத்தமம்.

கிராண்ட் யூனியன் மாதிரியான கால்வாயில் படகு ஓடும் நடுத்தடமே பெரும்பாலும் ஒன்றரை மீட்டருக்குள்தான் ஆழம். அதனால் படகு திருப்பும் அகலமான இடம், படகுகளை ஏற்றி இறக்கும் லாக் கதவுக்கு முன்னால் உள்ள பள்ளம், பாலத்தடி, வரிசையாகக் கட்டிய படகுகளின் நிழல் என்று தேடிப் போக வேண்டும். குஞ்சு மீன்கள் அங்கே அடையும், பெர்ச்சும் அங்கேதான். இவற்றில் காற்று முதுகில் படுகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள்.

தக்கை போடுவதென்றால் அடிமுனையில் மட்டும் நரம்பு கோக்கும் வாக்லர் வகைத் தக்கை வேண்டும். தக்கைக்கு மேலே 10, 15 சென்டிமீட்டர் தள்ளி நரம்பில் ஒரு சின்ன எடைக் குண்டை நசுக்கிப் பொருத்துங்கள். குறிவைத்த இடத்தைத் தாண்டி வீசி, ராடு நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, ரீலை நாலு சுற்று வேகமாகச் சுற்றினால் நரம்பு முழுக்க மூழ்கிவிடும். மூழ்க மறுத்தால் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டைத் துணியில் விட்டு நரம்பைத் துடைத்தெடுங்கள். அதிலிருக்கும் எண்ணெய்ப் பசைதான் மிதக்க வைக்கிறது. காற்று மேல்தண்ணீரை ஒரு பக்கம் தள்ளும்போது அடித்தண்ணீர் எதிர்ப்பக்கம் நகரலாம். முள்ளுக்கு மேலே ஒரு சாண் நரம்பைத் தரையில் படுக்கவிட்டால் இரை நின்ற இடத்தில் நிற்கும்.

தக்கையில்லாமல், நரம்பின் கடைசியில் எடையும் அதற்கு மேலே முள்ளும் கட்டும் டிராப் ஷாட் முறையில், பின்னிய நரம்பான பிரெய்டு வேண்டாம் என்பது என் கட்சி. அது தண்ணீரைவிட லேசு, காற்றில் பட்டமாகப் பறக்கும். 6 பவுண்டு தாங்கும் ஃப்ளூரோகார்பன் நரம்பையே ரீலில் முழுக்கச் சுற்றுங்கள். அது தானாக மூழ்கும். 8 அல்லது 6 ஆம் எண் முள்ளைப் பாலோமர் முடிச்சில் கட்டி, மிச்ச நரம்பை முள்ளின் காதுக்குள் மேலிருந்து கீழாக மறுபடி கோத்தால் முள் படுக்கைவாட்டில் விறைப்பாக நிற்கும். அதற்கு 30 சென்டிமீட்டர் கீழே எடை. அமைதியான நாளில் 5 கிராம் போதும், காற்றில் 10. பிரிட்டனில் 28.35 கிராம் வரையான ஈய எடைகளுக்கு 1987 முதல் தடை (0.06 கிராமுக்கு உட்பட்ட பொடிக் குண்டுகளுக்கு விலக்கு), டங்ஸ்டன் வாங்குங்கள். தூரமாக எறியாமல் கரையோரத்திலேயே, ராடு நுனியைத் தாழ்த்திப் பிடித்து, இரையை ஆட்டாமல் பத்து விநாடி நிறுத்திப் பாருங்கள். ஆட்டமாக ஆட்டுகிறவர்களுக்குக் குளிர்காலத்தில் ஒன்றும் கிடைப்பதில்லை.

இரைக்குப் பெரிய மண்புழுவை மிஞ்ச ஒன்றுமில்லை. பாதியாகக் கிள்ளி, கிள்ளிய முனையில் முள்ளை ஏற்றினால் சாறு கசிந்து மீனை வரவழைக்கும். இன்னும் இரண்டு புழுவைக் கத்தரிக்கோலால் நறுக்கித் தூவினால் போதும். அள்ளிக் கொட்டினால் மீன் வயிறு நிறைந்து போய்விடும்.

தக்கை அமிழ்ந்ததும் இரண்டு, மூன்று எண்ணி ராடைத் தூக்குங்கள். அதற்கு மேல் பொறுத்தால் பெர்ச் முள்ளைத் தொண்டைவரை விழுங்கிவிடும். வெட்டி இழுக்கவும் கூடாது, வாயோரச் சவ்வு கிழிந்து மீன் தப்பிவிடும். எதிர்முள் (பார்ப்) இல்லாத தூண்டில் முள்ளும் நீண்ட மூக்குள்ள கிடுக்கியும் கட்டாயம். முதுகுத் துடுப்பை முன்னிருந்து பின்னாக நீவி மடக்கி, ஈரக் கையால் பிடியுங்கள். செவுள் மூடியின் நுனியும் பிளேடு மாதிரி கீறும்.

குழம்புக்கு ஆகுமா என்று கேட்பவர்களுக்கு: ருசியான மீன்தான். ஆனால் கால்வாயில் ராடு லைசென்ஸ் மட்டும் இருந்தால் போதாது, மீனை எடுத்துப் போக நீர்நிலை உரிமையாளரின் எழுத்துமூல அனுமதியும் வேண்டும்.